தூதரகத்தில் பெரிய வேலை எது?

அக்கா மகள் வெளியுறவுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். போன வாரம் கூப்பிட்டு, "மாமா, நீங்க தூதரகத்துல இருந்தீங்களே, அங்க ஒரு நாள்னா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுப் போனை வைத்த பிறகுதான், சொல்லாமல் விட்டதெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. அதனால் இந்தப் பதிவு, கொஞ்சம் நீளமாகவே.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் தூதரக அதிகாரியாக இருந்தவன் இல்லை. ஒரு வெளிநாட்டுத் தூதரகத்தில், பாஸ்போர்ட், விசா, தன் நாட்டு மக்களுக்கு உதவி இவற்றைப் பார்க்கும் கான்சுலர் பிரிவில் உள்ளூர்ப் பணியாளராகச் சில வருடம் இருந்தேன், அவ்வளவுதான். எந்த நாட்டுத் தூதரகம், எந்த நகரத்தில் என்பதைச் சொல்லப்போவதில்லை, சேரும்போது கையெழுத்துப் போட்டுக் கொடுத்த காகிதம் அப்படி. ஆனால் உள்ளூர்ப் பணியாளருக்கு ஒரு வசதி உண்டு. அதிகாரிகள் மூன்று வருடத்துக்கு ஒருமுறை பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விடுவார்கள், நாங்கள் அதே நாற்காலியில் இருப்போம். அதனால் ஒரே வேலையைப் பல பேர் பல விதமாகச் செய்வதைப் பார்க்கக் கிடைக்கும். அப்படிப் பார்த்ததில் எனக்கு ஒரு அபிப்பிராயம் உருவானது, அது அந்தத் துறையில் இருப்பவர்கள் பலருக்குப் பிடிக்காது: தூதரகத்திலேயே மதிப்புக் குறைந்ததாக அதிகாரிகள் நினைக்கும் கான்சுலர் பிரிவுதான் அங்கே இருப்பதில் பெரிய வேலை.

தூதரகங்களுக்கான சட்டம் என்று பார்த்தால் 1961-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. அதன் மூன்றாவது பிரிவு தூதரகத்தின் வேலைகளை ஐந்தாகச் சொல்கிறது. தன் நாட்டின் சார்பில் நிற்பது, தன் நாட்டின் நலனையும் குடிமக்களின் நலனையும் காப்பது, பேச்சுவார்த்தை நடத்துவது, சட்டத்துக்கு உட்பட்ட வழிகளில் நிலவரத்தை அறிந்து தன் நாட்டுத் தலைநகருக்கு எழுதுவது, உறவை வளர்ப்பது. படிக்க அழகாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் ஒரு பெரிய தூதரகத்தில் அரசியல், வணிகம், பண்பாடு, பத்திரிகை, ராணுவம், நிர்வாகம், கான்சுலர் என்று தனித்தனிப் பிரிவுகள் இருக்கும், ஒருவர் வேலை இன்னொருவருக்குத் தெரியாது. சின்னத் தூதரகத்தில் மூன்று நான்கு அதிகாரிகள்தான் இருப்பார்கள், அத்தனையும் அவர்கள் தலையில். காலையில் வர்த்தக அமைச்சகத்தில் இறக்குமதி வரியைப் பற்றிப் பேசிவிட்டு வந்தவரே மதியம் சிறைச்சாலைக்குப் போவார், சாயங்காலம் கலைநிகழ்ச்சிக்கு நாற்காலி போதுமா என்று எண்ணிக்கொண்டிருப்பார். அப்புறம் ராத்திரி உட்கார்ந்து, காலையில் பேசியதைப் பற்றி அறிக்கை எழுதுவார்.

கான்சுலர் வேலைக்கென்று தனியாக 1963-இல் இன்னொரு வியன்னா உடன்படிக்கை வந்தது. அதன் ஐந்தாவது பிரிவை அவள் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். பாஸ்போர்ட், விசா, பத்திரங்களுக்குச் சான்று, பிறப்பு இறப்புப் பதிவு, வெளிநாட்டில் செத்துப்போனவரின் சொத்து, அநாதையாக நிற்கும் சிறுவர்கள், கப்பல் மாலுமிகளின் தகராறு வரைக்கும் பட்டியல் போகிறது. கடைசியில், தூதரகம் இருக்கும் நாட்டின் சட்டம் தடுக்காத, அல்லது அந்த நாடு ஆட்சேபிக்காத வேறு எந்த வேலையையும் தலைநகர் ஒப்படைக்கலாம் என்று ஒரு வரி. அந்தக் கடைசி வரியில்தான் எங்கள் வாழ்க்கை ஓடியது.

பாஸ்போர்ட் தொலைத்தவர்கள்தான் கூட்டத்தில் அதிகம். அது எளிது: போலீஸ் புகார், அடையாளத்துக்கு ஏதாவது ஒன்று, புகைப்படம், தலைநகரில் சரிபார்ப்பு, ஒரே ஒரு பயணத்துக்கு மட்டும் செல்லுபடியாகும் அவசரச் சான்றிதழ். விமானம் அன்றைக்கு ராத்திரி என்பார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலமாக இருக்கும். இதெல்லாம் பழகிவிடும்.

பழகாதது மரணம். வெளிநாட்டில் ஒருவர் இறந்தால் உடலை ஊருக்கு அனுப்ப எத்தனை காகிதம் வேண்டும் என்பது நேரில் பட்டவர்களுக்குத்தான் தெரியும். மருத்துவமனையின் இறப்பு அறிக்கை, உள்ளூர் நிர்வாகத்தின் இறப்புச் சான்றிதழ், இயற்கை மரணம் இல்லையென்றால் போலீஸின் அனுமதி, உடலைப் பதப்படுத்தியதற்கான சான்று, பெட்டி முறைப்படி மூடப்பட்டதற்கான சான்று, ரத்து செய்த பாஸ்போர்ட், தூதரகத்தின் ஆட்சேபணையின்மைக் கடிதம், விமான நிறுவனத்தின் ஒப்புதல். ஒவ்வொன்றும் வெவ்வேறு அலுவலகத்தில், வெவ்வேறு வேலை நேரத்தில். இதற்கு நடுவே குடும்பத்துக்கு யாராவது போன் செய்ய வேண்டும். அந்த 'யாராவது' பெரும்பாலும் பணியில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத, இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத மூன்றாம் செயலாளர். அவர் படித்த பாடத்தில் பனிப்போர் இருந்திருக்கும், பன்னாட்டு வணிகம் இருந்திருக்கும், ஒரு அம்மாவிடம் மகன் இறந்த செய்தியை எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்பது இருந்திருக்காது. ஒருமுறை ஒரே உடலுக்கு இரண்டு குடும்பங்கள் உரிமை கோரின, இரண்டுமே உண்மையான குடும்பங்கள், ஒன்றுக்கொன்று தெரியாது. அந்த அதிகாரி அன்று முழுக்க மாறி மாறி இரண்டு போன்களில் பேசிக்கொண்டிருந்தார், யாரிடமும் குரலை உயர்த்தவில்லை, இரண்டு வீட்டாரும் ஒருவரை ஒருவர் பார்க்காமலே ஒரு முடிவுக்கு வந்தார்கள். பேச்சுவார்த்தை என்று உடன்படிக்கையில் எழுதியிருப்பதற்கு நான் நேரில் பார்த்த சிறந்த உதாரணம் இன்றுவரை அதுதான்.

சிறை. ஒருவரைக் கைது செய்தால், உன் நாட்டுத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லச் சொல்லிக் கேட்கலாம் என்பதை அவரிடம் தாமதமில்லாமல் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1963 உடன்படிக்கையின் 36-வது பிரிவு. காகிதத்தில் இருப்பதுபோல் நடப்பதில்லை. அமெரிக்காவின் அரிசோனாவில் லக்ராண்ட் என்ற ஜெர்மானியச் சகோதரர்கள் இருவரிடம் இதை உரிய நேரத்தில் சொல்லவே இல்லை, இருவருக்கும் 1999-இல் மரண தண்டனை நிறைவேறியது. இரண்டாமவருக்கு நிறைவேற்றுவதற்கு முன்னால் ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் நிறுத்தி வைக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டும் பயனில்லை. 2001-இல் தீர்ப்பு ஜெர்மனிக்குச் சாதகமாக வந்தது. இதே காரணத்துக்காக அமெரிக்காமேல் மெக்சிகோ போட்ட வழக்கு 2004-இல் வென்றது, 51 மெக்சிகர்கள் விஷயத்தில் உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பு. 2019-இல், பாகிஸ்தான் சிறையில் இருந்த இந்தியர் குல்பூஷண் ஜாதவ் வழக்கில் பாகிஸ்தான் இதே 36-வது பிரிவை மீறியதாகத்தான் நீதிமன்றம் சொன்னது. மூன்று பெரிய வழக்கு, மூன்றும் ஒரு தூதரக அதிகாரி சிறைக்குள் போய் ஒரு ஆளைப் பார்க்கலாமா என்பதைச் சுற்றித்தான்.

போய்ப் பார்த்தால் என்ன செய்ய முடியும் என்று கேட்டால், சங்கடமான பதில்தான். வெளியே எடுக்க முடியாது. வழக்கு நடத்த முடியாது. வக்கீல்கள் பட்டியல் தரலாம், வீட்டுக்குத் தகவல் சொல்லலாம், அடித்தார்களா, மருந்து தருகிறார்களா என்று கேட்கலாம், கேட்டதை எழுத்தில் அந்நாட்டு வெளியுறவு அமைச்சகத்துக்கு அனுப்பலாம். ஆனால் யாரோ ஒருவர் பெயரைக் கேட்டு வந்து பார்த்துவிட்டுப் போகிறார் என்பது சிறை அதிகாரிகளுக்குத் தெரிந்தால் அந்தக் கைதியை நடத்துகிற விதமே மாறும், இதை அங்கிருந்து வெளியே வந்தவர்களே எங்களிடம் சொல்லியிருக்கிறார்கள்.

விசா ஜன்னலைப் பற்றி எல்லோருக்கும் ஒரு கோபக் கதை இருக்கும், எனவே சுருக்கமாக. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு ஒரு விண்ணப்பத்துக்குக் கிடைப்பது சில நிமிடம், எதிரே நிற்பவருக்கு அது வாழ்க்கை. இந்த ஏற்றத்தாழ்வு தெரிந்து உட்கார்ந்தவர்களும் உண்டு, தெரியாமலே மூன்று வருடம் முடித்துவிட்டுப் போனவர்களும் உண்டு.

ஆனால் அந்த ஜன்னலில் என்ன செய்ய முடியும் என்பதற்கு 1940-ஐப் பார்க்க வேண்டும். லிதுவேனியாவின் கவ்னாஸ் நகரில் ஜப்பானின் துணைத் தூதராக இருந்த சியுனே சுகிஹாரா, போலந்திலிருந்து தப்பி வந்த யூதர்களுக்கு ஜப்பான் வழியாகப் போக விசா கொடுக்கலாமா என்று டோக்கியோவைக் கேட்டார். போதிய பணமும் அடுத்த நாட்டுக்கான அனுமதியும் இல்லாதவர்களுக்குக் கூடாது என்று பதில் வந்தது. அதன் பிறகும் அந்தக் கோடையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட விசாக்களைக் கையால் எழுதிக் கொடுத்தார். அதே 1940 ஜூனில் பிரான்சின் போர்தோவில் போர்ச்சுகல் துணைத் தூதர் அரிஸ்டிடெஸ் டி சோசா மென்டெஸ், லிஸ்பனின் தெளிவான தடையை மீறி ஆயிரக்கணக்கானவர்களுக்கு விசா கொடுத்தார், அதற்காக ஒழுங்கு நடவடிக்கை எடுத்து அவரைப் பணியை விட்டே ஒதுக்கினார்கள், 1954-இல் வறுமையில் இறந்தார். வியன்னாவில் சீனத் துணைத் தூதர் ஹோ ஃபெங்-ஷான், புடாபெஸ்டில் சுவிட்சர்லாந்தின் கார்ல் லுட்ஸ். இந்தப் பட்டியலைக் கவனித்தால் ஒன்று தெரியும். பெரும்பாலும் எல்லோருமே கான்சுலர் ஆட்கள். பெரிய தூதர்கள் அப்போது அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் அநியாயமான வாக்கியம்தான், ஆனால் எழுதியாகிவிட்டது, இருக்கட்டும்.

அறிக்கை எழுதுவதைக் கிண்டல் செய்தாலும் அது சாமானிய வேலை இல்லை. அரசியல் பிரிவு அதிகாரியின் நாள் உள்ளூர்ப் பத்திரிகைகளில் தொடங்கும், பிறகு யாரையாவது பார்க்கப் போவார்: எம்.பி., பேராசிரியர், தொழிற்சங்கக்காரர், பத்திரிகையாளர், எதிர்க்கட்சி ஆள். கேட்டதில் எது புதிது, எது வதந்தி, சொன்னவருக்கு அதில் என்ன லாபம் என்று பிரித்து ஒன்றரைப் பக்கத்தில் எழுத வேண்டும், அதுவும் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் இப்படிப் பக்கங்களைப் பார்க்கும் தலைநகர் அதிகாரி முதல் பத்தியைத் தாண்டிப் படிக்கும்படியாக. 1946 பிப்ரவரி 22-ஆம் தேதி மாஸ்கோவில் இருந்த அமெரிக்கத் தூதரகத்திலிருந்து ஜார்ஜ் கென்னன் அனுப்பிய தந்தி ஐயாயிரம் சொல்லுக்கும் மேல். அப்போது அவர் தூதர்கூட இல்லை, தூதர் இல்லாத நேரத்தில் பொறுப்பில் இருந்தவர். அந்தத் தந்தி அமெரிக்காவின் சோவியத் கொள்கைக்கே அடித்தளமாகிவிட்டது. அதே கென்னன் 1952-இல் முழுத் தூதராக மாஸ்கோவுக்குப் போனார். பெர்லின் விமான நிலையத்தில் பத்திரிகையாளர்களிடம், மாஸ்கோ வாழ்க்கை நாஜி ஜெர்மனியில் தான் காவலில் வைக்கப்பட்டிருந்த காலத்தைப்போல இருக்கிறது என்று வாயை விட்டார், சோவியத் அரசு அவரை வேண்டத்தகாதவர் என்று அறிவித்துத் திரும்ப வராமல் செய்துவிட்டது. எழுத்தில் அத்தனை நிதானமான மனிதர்.

எழுத்திலும் ஆபத்து இல்லாமல் இல்லை. 2019 ஜூலையில் வாஷிங்டனில் பிரிட்டன் தூதராக இருந்த கிம் டாரக், டிரம்ப் நிர்வாகத்தைப் பற்றி ரகசியமாக எழுதியவை பத்திரிகையில் கசிந்தன, திறமையற்ற நிர்வாகம் என்றெல்லாம் வெளிப்படையாக எழுதியிருந்தார். இனி அவரோடு பேசப்போவதில்லை என்று டிரம்ப் சொன்னார், டாரக் பதவி விலகினார். என்னைக் கேட்டால் அவர் செய்தது முழுக்க முழுக்கத் தன் வேலையைத்தான். இனிப்பாக எழுதி அனுப்புவதற்கு எதற்கு ஒரு தூதர்.

விருந்துகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாள். ஆமாம், விருந்துகள் உண்டு, ஏகப்பட்டது உண்டு. ஒரு தலைநகரில் நூறு தூதரகம் இருந்தால் நூறு தேசிய தினம், நூறுக்கும் யாராவது போக வேண்டும், போகாவிட்டால் அது ஒரு செய்தி ஆகிவிடும். நின்றுகொண்டே மூன்று மணி நேரம், கையில் ஒரே கோப்பை, அதே ஆட்களிடம் அதே பேச்சு. எங்கள் அதிகாரி ஒருவர் விருந்துக்குப் போகும் முன்னால் யார் யாரிடம் என்ன கேட்க வேண்டும் என்று சின்னக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார், திரும்பும்போது காரிலேயே பதில்களைக் குறித்துவிடுவார். சும்மா சாப்பிட்டுவிட்டு வந்தவர்களும் இருந்தார்கள், அவர்களை யாரும் கண்டுபிடித்ததில்லை. 2010-இலிருந்து விக்கிலீக்ஸ் வெளியிட்ட இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கத் தூதரகத் தந்திகளில் எனக்குப் பிடித்தது 2006-இல் ரஷ்யாவின் தாகெஸ்தானில் நடந்த ஒரு கல்யாணத்தைப் பற்றியது. பக்கத்துச் செச்னியாவின் தலைவர் ரம்சான் கதிரோவ் ஜீன்ஸில் தங்க முலாம் பூசிய துப்பாக்கியைச் செருகிக்கொண்டு ஆடியதுவரை எழுதியிருக்கிறார்கள். அந்தப் பகுதியில் யாருக்கு யார் கட்டுப்பட்டவர், பணம் எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் அந்த ஆட்டத்தின் நடுவிலேயே தெரிந்துவிடும். கல்யாண வீட்டில் உட்கார்ந்து இவ்வளவு பார்க்கத் தெரிந்தால் விருந்துக்குப் போவதில் அர்த்தம் இருக்கிறது.

விருந்தில் யார் எங்கே நிற்பது என்பது இன்றைக்கு வேடிக்கையாகத் தெரிந்தாலும் அதற்காக ஆட்கள் செத்திருக்கிறார்கள். 1661-இல் லண்டனுக்கு வந்த ஸ்வீடன் தூதரின் ஊர்வலத்தில் யார் வண்டி முன்னால் போவது என்று ஸ்பெயின் தூதரின் ஆட்களும் பிரான்ஸ் தூதரின் ஆட்களும் தெருவிலேயே மோதினார்கள், பிரெஞ்சு வண்டியின் குதிரைகளைக் கொன்றுபோட்டார்கள், மனிதர்களும் இறந்தார்கள், பதினான்காம் லூயி போர் தொடுப்பதாக மிரட்டும் அளவுக்குப் போனது. கடைசியில் 1815 வியன்னா மாநாட்டில்தான் ஒரு வழி கண்டார்கள்: நாடு பெரிதா சிறிதா என்று பார்க்க வேண்டாம், யார் முதலில் வந்து சேர்ந்ததாக அறிவித்தாரோ அவர் முன்னால். 1961 உடன்படிக்கையும் அதையே வைத்துக்கொண்டது, பதவியேற்ற தேதி மட்டும் இல்லை, நேரத்தையும் சேர்த்துப் பார்க்கிறது. அதனால்தான் ஒரு குட்டித்தீவின் தூதர் வல்லரசின் தூதருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். இந்த ஒரு ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

மந்திரி வருகிறார் என்றால் தூதரகத்தில் மற்ற வேலை எல்லாம் நின்றுவிடும். மூன்று வாரத்துக்கு முன்பே முன்குழு, நிமிடக் கணக்கில் நிகழ்ச்சி நிரல், அதன் பன்னிரண்டாவது திருத்தம், எந்தக் கார் எத்தனையாவது, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும், கூட வரும் பத்திரிகையாளர்களுக்கு எங்கே சாப்பாடு, கொடி தலைகீழாக இருக்கிறதா. கூட்டறிக்கையின் வாசகத்தை முந்தைய இரவு இரண்டு மணிவரை இழுப்பார்கள், ஒத்துவராத சொற்களை எல்லாம் சதுர அடைப்புக்குள் போட்டுப் போட்டு வரைவு முழுக்க வேலி கட்டியதுபோல் இருக்கும். மந்திரி விமானம் ஏறியதும் தூதர் முதல் டிரைவர் வரைக்கும் ஒரே மாதிரி பெருமூச்சு விடுவார்கள். உண்மையில் பெரிய பேச்சுவார்த்தைகள் இப்போது தலைநகரத்துக்குத் தலைநகரம் போனிலேயே நடந்துவிடுகின்றன, தூதருக்கு விஷயம் பிறகுதான் தெரியவரும் நாட்களும் உண்டு. வணிகப் பிரிவில் சுங்கத்தில் சிக்கிய கன்டெய்னர், பணம் தராமல் இழுக்கும் வாங்குபவர், கண்காட்சிக்கு அரங்கு. அதைப் பற்றி எழுத எனக்கு அதிகம் தெரியாது.

விலக்குரிமை பற்றி ஒரு பெரிய தப்பெண்ணம் ஓடுகிறது, தூதரக அதிகாரி என்ன வேண்டுமானாலும் செய்யலாம் என்று. கைது செய்ய முடியாது, குற்ற வழக்கு போட முடியாது, சரி. ஆனால் 1961 உடன்படிக்கையின் 41-வது பிரிவு உள்ளூர்ச் சட்டத்தை மதிக்க வேண்டும் என்கிறது, மேலும் அந்த விலக்குரிமை ஆளுக்குச் சொந்தமானது இல்லை, நாட்டுக்குச் சொந்தம், நாடு நினைத்தால் விலக்கிக்கொள்ளலாம். 1997-இல் வாஷிங்டனில் ஜார்ஜியா நாட்டு அதிகாரி ஒருவர் குடித்துவிட்டு வண்டி ஓட்டி ஒரு சிறுமி இறந்தபோது ஜார்ஜியா அதைத்தான் செய்தது, அவர் அமெரிக்காவிலேயே தண்டனை பெற்றார். சின்ன விஷயத்தில் யோக்கியதை தெரிய வேண்டுமென்றால் நியூயார்க்கைப் பார்க்கலாம்: 1997 கடைசியிலிருந்து 2002 வரை ஐ.நா.வில் இருந்த தூதரக ஆட்கள் அபராதம் கட்டாமல் விட்ட பார்க்கிங் சீட்டுகள் ஒன்றரை லட்சத்துக்கும் அதிகம். அபராதம் பாக்கி வைத்த வண்டிகளின் சிறப்பு எண் தகட்டைப் பிடுங்கும் அதிகாரம் 2002-இல் நகரத்துக்கு வந்ததும் அது ஏறக்குறைய 98 சதவீதம் குறைந்துபோனது.

எங்களைப்போன்ற உள்ளூர்ப் பணியாளர்களுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது, அந்த நாடு மனது வைத்து எவ்வளவு தருகிறதோ அவ்வளவுதான். ஆபத்து மட்டும் சமம். 1998 ஆகஸ்ட் 7 அன்று நைரோபியில் அமெரிக்கத் தூதரகத்தில் குண்டு வெடித்தபோது இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அவர்களில் அமெரிக்கர்கள் 12 பேர். மற்றவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கென்யர்கள், தூதரகத்திலேயே வேலை பார்த்தவர்களும் நிறைய.

அவள் பெண் என்பதால் இதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1946 வரை பெண்களை இந்தப் பணியில் சேர்க்கவே இல்லை, சேர்த்த பிறகும் கல்யாணமானால் வேலையை விட வேண்டும் என்ற விதி எழுபதுகளின் தொடக்கம்வரை இருந்தது. அமெரிக்காவில் 1972 வரைக்கும் மனைவி எப்படி விருந்தோம்புகிறார் என்பதைக் கணவரின் பணிக் குறிப்பில் எழுதிக்கொண்டிருந்தார்கள், சம்பளம் இல்லாமல் அந்த அம்மாவும் வேலை பார்த்ததாகத்தானே அர்த்தம். இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரி சி.பி. முத்தம்மா 1949-இல் சேர்ந்தவர். திருமணத்துக்கு முன்னால் அரசிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்ற விதியையும், தனக்கு மறுத்த பதவி உயர்வையும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனார், 1979-இல் நீதிபதி கிருஷ்ணய்யர் அந்த விதிகளைக் கடுமையாகச் சாடி எழுதினார். விதிகள் போய்விட்டன. மூன்று வருடத்துக்கு ஒருமுறை வேறு நாடு, பிள்ளைகளுக்கு வேறு பள்ளி, கூட வரும் கணவனோ மனைவியோ அங்கே வேலை பார்க்க அனுமதி கிடைக்குமா என்ற கேள்வி, இவை போகவில்லை. அப்பா அம்மா உடம்பு சரியில்லை என்ற செய்தி எப்போதும் தூரத்தில் இருக்கும்போதுதான் வரும். எங்களிடம் இருந்த மூத்த அதிகாரிகளில் இது ஒன்றை மட்டும் குறையாகச் சொல்லாதவர் யாருமில்லை.

போர் வந்தால் எல்லாப் பிரிவும் கான்சுலர் பிரிவாகிவிடும். 1990-இல் ஈராக் குவைத்தைப் பிடித்தபோது அங்கே மாட்டிய இந்தியர்கள் சுமார் 1,70,000 பேரை அம்மான் வழியாக ஐநூறுக்குக் கொஞ்சம் குறைவான விமானங்களில் கொண்டுவந்தார்கள். விமானம் ஓட்டியவர்களைப் பற்றித்தான் எல்லோரும் பேசுவார்கள், பாஸ்போர்ட் இல்லாத, முதலாளி பிடுங்கி வைத்துக்கொண்ட ஆட்களுக்கெல்லாம் யார் உட்கார்ந்து பயணக் காகிதம் எழுதினார்கள் என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. 2015-இல் யேமனிலிருந்து 4,640 இந்தியர்களோடு 41 நாடுகளைச் சேர்ந்த 960 பேரும் வந்தார்கள், அத்தனை பெயரும் யாரோ சரிபார்த்த ஒரு பட்டியலில் இருந்தவைதான். 2021 ஆகஸ்டில் காபூல் விழுந்தபோது பிரிட்டன் தூதர் லாரி பிரிஸ்டோ விமான நிலையத்திலேயே தங்கி, வெளியேற வேண்டியவர்களின் காகிதங்களைப் பார்த்த குழுவோடு கடைசி வரை இருந்தார். 2023 ஏப்ரலில் சூடான் தலைநகர் கார்ட்டூமில் நடந்தது இதற்கு நேர் எதிர். சண்டை மூண்டதும் அமெரிக்கத் தூதரகத்தை அவசரமாக மூடினார்கள், போகும்போது விசாவுக்காக உள்ளே இருந்த சூடானியர்களின் பாஸ்போர்ட்டுகளையும் அழித்துவிட்டார்கள், தவறானவர்கள் கையில் சிக்கக்கூடாது என்பது விதி. விதி சரிதான். அந்த பாஸ்போர்ட்டுக்குச் சொந்தக்காரர்கள் எல்லையில் போய் நின்று எதைக் காட்டுவது?

அரசே போய்விட்ட ஒரு தூதரகம் என்ன செய்யும் என்று யாராவது கேட்டால் ஆப்கானிஸ்தானைத்தான் சொல்வேன். 2021-க்குப் பிறகு தாலிபானை ஏற்காத ஆப்கன் தூதரகங்கள் உலகம் முழுக்கத் திறந்தே இருந்தன. தலைநகரிலிருந்து சம்பளம் இல்லை, அனுப்பும் அறிக்கையைப் படிக்க ஆள் இல்லை, பேச்சுவார்த்தை நடத்த அரசு இல்லை. பாஸ்போர்ட்டை நீட்டிப்பது, பிறப்புச் சான்று, கல்யாணச் சான்று, இவற்றுக்கு வாங்கிய கட்டணத்தில்தான் பல இடங்களில் வாடகையும் மின்கட்டணமும் ஓடின. டெல்லியில் இருந்தது 2023 நவம்பரில் நிரந்தரமாக மூடப்படுவதாக அறிவித்தது. 2024 ஜூலையில் தாலிபான் அரசு, ஐரோப்பாவிலும் கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் உள்ள பதினான்கு தூதரகங்கள் கொடுக்கும் எந்தக் காகிதத்தையும் ஏற்க மாட்டோம் என்றது. அவர்கள் குறிவைத்தது தூதர்களையோ கொடியையோ இல்லை, அந்த ஜன்னலைத்தான். இரண்டு மாதத்தில் லண்டன் தூதரகமும் மூடப்பட்டது.